திங்கட்கிழமைச் சாப்பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் சுடலைக்குப் பக்கத்தில் தறப்பாள் கட்டி மாதக்கணக்கில் படுத்திருக்கிறேன், ஆட்கள் செத்துக் கிடந்த பள்ளிக்கூடத்துக்குள் தனியாகப் போய் விறகுக்குக் கதிரைக்கால் பொறுக்கி வந்திருக்கிறேன், ஒரு பூனைகூட என்னைப் பயமுறுத்தியது கிடையாது. செத்தவர்கள் எல்லோரும் திரும்பி வருவதென்றால் எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்களுக்கு நடக்க இடம் இருந்திருக்காது. இதைச் சொன்னால் என் மனைவி சுகந்திக்குக் கோபம் வரும். நீங்கள் படித்தவர், இதை ஏற்றுக்கொள்வீர்கள். இனிமேல் சொல்லப்போவதைத்தான் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள், அதுவும் எனக்குத் தெரியும், கோப்பி ஆறமுதல் குடித்துக்கொண்டு கேளுங்கள், சிரிக்கவேண்டும் போல இருந்தால் சிரியுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

மொன்ட்ரியால் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் கட்டடம், அதற்குள் ஒரு கண்காட்சி மண்டபம், பெயர் வேண்டாம். அங்கே நான் துப்புரவு வேலை. போன குளிர்காலம் முழுக்க அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். எனக்கும் அந்தப் போருக்கும் என்ன சம்பந்தம், ஒன்றுமில்லை. ஆனால் வழிகாட்டிப் பெண் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பிரெஞ்சிலும் இங்கிலீசிலும் அதையே ஒப்புவித்துக்கொண்டிருந்தால், துடைப்பம் பிடிக்கிறவனுக்கும் பாடமாகிவிடும். இப்போது என்னை எழுப்பிவிட்டுக் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு நாடு, பல மாநிலங்கள். வடக்கு மாநிலங்களில் தொழிற்சாலையும் ரயிலும். தெற்கில் பருத்தித் தோட்டங்கள், அதில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த மனிதர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஆடு மாடு மாதிரி விற்கவும் வாங்கவும். நாடு மேற்கே விரிய விரிய, புது மாநிலங்களில் அடிமை வைத்திருக்கலாமா கூடாதா என்று இழுபறி. கூடாது என்ற கட்சியிலிருந்து ஒருவர் ஜனாதிபதியாக வந்ததும் தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போய்த் தங்களுக்கென்று தனி அரசாங்கம் வைத்துக்கொண்டன. ஒரு துறைமுகக் கோட்டையில் முதல் பீரங்கி வெடித்தது. வடக்கு தன் கப்பல்களைக் கொண்டுபோய்த் தெற்கின் துறைமுகங்களை அடைத்தது, பருத்தி வெளியே போகாது, மருந்தும் உப்பும் உள்ளே வராது. இந்த இடம் வந்ததும் நான் துடைப்பதை நிறுத்திவிடுவேன். தடை என்றால் என்ன என்று எனக்கு யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை, எங்கள் ஊருக்கு அரசாங்கம் போட்ட தடையில் நான் பற்றரியும் சவர்க்காரமும் இல்லாமல் வளர்ந்தவன். பிறகு பெரிய ஆற்றைப் பிடித்துத் தெற்கை இரண்டாகப் பிளந்தார்கள். தோட்டங்களை விட்டு ஓடி வந்த அடிமைகள் வடக்கின் படைமுகாம்களுக்குள் வந்து சேர்ந்தார்கள், போர் பாதி நடக்கும்போது அவர்களுக்கு விடுதலை என்று அறிவித்தார்கள், அவர்களே சட்டை போட்டுத் துவக்குத் தூக்கிச் சண்டைக்குப் போனார்கள். நாலு வருடம். கடைசியில் தெற்குத் தளபதி ஒரு வீட்டு வரவேற்பறையில் இருந்து சரணடைகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்.

சுவர் முழுக்க ஒரு பெரிய வரைபடம். வடக்குக்கு நீலம், தெற்குக்குச் சாம்பல், நடுவில் சில மாநிலங்களுக்குக் கோடு கோடாக இரண்டு நிறமும். அந்தக் கோடு போட்ட மாநிலங்கள் அடிமையும் வைத்திருந்தன, பிரிந்தும் போகவில்லை. அங்கே ஒரே வீட்டில் அண்ணன் நீலச் சட்டையும் தம்பி சாம்பல் சட்டையுமாகப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போது யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், சொந்தமாக ஓர் அடிமைகூட இல்லாத ஏழைகள் எதற்காகத் தெற்குக்காகச் செத்தார்கள் என்று. வழிகாட்டிப் பெண் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, அது சிக்கலான கேள்வி என்று சொல்லி அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசலில் வந்து நின்று சண்டைக்கு ஆள் தா என்று கேட்டால் தெரியும் எவ்வளவு சிக்கல் என்று, இதை ஒருநாள் ரோஸிடம் சொன்னேன்.

ரோஸ் எங்கள் மண்டபத்துக் காவலாளி. ஹெயிட்டிக்காரர், அடிமைக் கப்பலில் வந்தவர்களின் வழி, மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் மாறி வருவார், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. நாங்கள் பிரெஞ்சில்தான் கதைப்போம், அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "உன்னிடம் வாசலில் வந்து கேட்டார்கள். கப்பலில் ஏற்றியவர்களிடம் யார் கேட்டது? அந்த வரைபடத்தில் இரண்டு நிறம் இருக்கிறது, அதில் என் ஆட்கள் எந்த நிறம் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொல்" என்றார்.

கண்காட்சியின் கடைசி மூலை மொன்ட்ரியாலுக்கு. அந்தப் போர்க்காலத்தில் தெற்கின் உளவாளிகள் இங்கேயுள்ள ஹோட்டல்களில் இருந்து சதி பேசினார்களாம், அதே தெருக்களில் தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களும் இருந்தார்களாம். இன்னொரு கூட்டமும் இருந்தது, ஆள்பிடிகாரர்கள். வடக்கில் கட்டாயமாக ஆள் எடுக்கத் தொடங்கியபோது, பெயர் விழுந்தவன் தனக்குப் பதிலாக இன்னொருவனை அனுப்பலாம் என்று ஒரு சட்டம். அந்தப் பதில் ஆளைப் பிடிக்க இங்கே வந்து, கிராமத்துப் பெடியன்களுக்குக் குடிக்கக் கொடுத்து, எல்லை தாண்டிக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் தகரத்தில் எடுத்த ஒரு சின்னப் படம், தெயோஃபில் என்று ஒருவன், வயது பத்தொன்பது. கண் விழித்தபோது நீலச் சட்டையோடு வேறொருவனின் பெயரில் கையெழுத்து வைத்திருந்தானாம். அந்தப் பெயரிலேயே சண்டைக்குப் போய் அந்தப் பெயரிலேயே காணாமல் போனான். சொந்தப் பெயரில் போகாததால் அவனுக்குச் சாவுப் பத்திரமும் இல்லை, கல்லறையும் இல்லை, அவனுடைய தாய் சாகும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையில் அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாராம். இது எல்லாம் பக்கத்தில் ஒரு சிறு அட்டையில் எழுதியிருந்தது. அந்த அட்டையை நான் எத்தனை தடவை துடைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ரூபன். அவனுக்கும் அப்போது பத்தொன்பது. சண்டைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று இயக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் பகுதியை விட்டு வெளியே போவதென்றால் பாஸ் எடுக்கவேண்டும், பாஸ் தருவதென்றால் ஒருவர் பிணை நிற்கவேண்டும், போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். கொழும்பில் கண் டொக்டரைப் பார்க்கப் போகிறேன், இரண்டு கிழமையில், பதினாலு நாளில் வந்துவிடுவேன் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பிணைக்கு அவன் கையெழுத்து வைத்தான். நான் திரும்பமாட்டேன் என்று அம்மாவுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். "நீ போய்ச் சேர் அண்ணை, நான் பேந்து எப்படியும் சமாளிப்பன்" என்றான். மூன்றாம் கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு கடைசிச் சண்டை. அதற்குப் பிறகு பஸ்ஸில் கண்டோம் என்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கண்டோம் என்கிறார்கள், கண்டவர்கள் என்று யாரும் நேரே வந்து சொல்வதில்லை. உயிரோடு இருக்கிறானா இல்லையா, அந்த ஒரு கேள்விதான் இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறது.

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் அப்பாவின் படம் சாமித்தட்டுக்குக் கீழே மாலையோடு இருக்கிறது. ரூபனின் படம் எதிர்ச் சுவரில் மாலை இல்லாமல் இருக்கிறது. சுகந்தி வருடா வருடம் ஒன்றைக் கேட்பாள், ஒருநாள் பார்த்து அவனுக்கும் படைப்போம் என்று. நான் விடுவதில்லை. படைத்தால் அவன் செத்தவன் என்று நானே கையெழுத்து வைத்த மாதிரி. பேய் பிசாசை நம்பாதவனுக்குப் படையலில் மட்டும் என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம், சுகந்தியும் கேட்டாள். அம்மாவோ ஊரில் அக்காவோடு இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அவனைப் பற்றி உயிரோடு இருக்கிறவனைப் போலவே கதைப்பார். "நேற்றும் கனவில வந்தவன், ராசா. வெளியில படலையடியில நிண்டு பசிக்குதம்மா எண்டான். நான் சோறு போட்டுக்கொண்டு வாறதுக்குள்ள போயிட்டான்" என்பார். ஒருமுறை முருங்கைக்காய்க் கறி வைத்தோம் என்று சொன்னேன், உடனே தொடங்கிவிட்டார். "இப்பவும் சப்பின சக்கையால வேலி அடைக்கிறானோ என்னவோ. எத்தினை தரம் ஏசியிருப்பன்" என்றார். சின்ன வயதிலிருந்து ரூபன் முருங்கைக்காய்ச் சக்கையைத் துப்பிப் போடமாட்டான், ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் சாத்தி நிறுத்தி வேலி மாதிரி அடைத்துவிட்டுத்தான் எழும்புவான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமைகளில் மண்டபம் பூட்டு, பார்வையாளர்கள் இல்லை, நானும் ரோஸும் மேற்பார்வையாளர் ஃபிலிப்பும் மட்டும். எங்கள் சாப்பாட்டு அறை நிலவறையில், அதில் ஹீட்டர் வேலை செய்யாது. மாசி மாதம், வெளியே மைனஸ் இருபது, உள்ளே கையுறையோடு சோறு பிசைகிற நிலைமை. மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், மூன்று தடவையும் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. கண்காட்சி அறையில் மட்டும் பழைய துணிகள் கெடாமல் இருக்கவேண்டும் என்று எப்போதும் இளஞ்சூடு வைத்திருப்பார்கள். செத்துப்போனவர்களின் சட்டைக்கு இருக்கிற கவனிப்பு வேலைக்காரனுக்கு இல்லை. அந்தக் கோபத்தில்தான் அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன், உள்ளே சாப்பிடக்கூடாது என்று பெரிதாக எழுதியிருக்கிறது, எழுதியிருக்கட்டும் என்று தெயோஃபிலின் பெட்டிக்கு முன்னால் இருக்கிற விளிம்பில் பெட்டியைத் திறந்து வைத்தேன். சோறு, பருப்பு, உறைப்பான கத்தரிக்காய்க் குழம்பு. பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே அலங்காரத்துக்கு ஒரு பழைய மாதிரி லாந்தர், உள்ளே மின்குமிழ். ஒரு வாய் வைக்கவில்லை, ஃபிலிப் வோக்கி-டோக்கியில் கூப்பிடுகிறார், வாசல்படி உறைந்துபோய்க் கிடக்கிறதாம், பனி கரைய உடனே உப்புப் போடட்டாம். கதவைச் சாத்திவிட்டு ஓடினேன், அந்த அறைக் கதவைத் திறந்து விட்டால் சூடு போய்விடும், அதற்கும் ஏச்சு விழும்.

முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தேன். இரண்டு கையிலும் சாமான், துடைப்பத்தடி போய்க் கதவில் டொக் டொக்கென்று இடித்தது, முழங்கையால் தள்ளித் திறந்தேன். சோறும் பருப்பும் இல்லை. ஒரு பருக்கை இல்லை. குழம்பு மட்டும் வைத்தபடி அப்படியே இருந்தது. எலி என்றால் இறைத்துவிட்டுப் போயிருக்கும், இது ஆறுதலாக இருந்து சாப்பிட்டு முடித்த பெட்டி. எனக்கு வந்த கோபத்தில் நேரே ரோஸிடம் போய், பசித்தால் கேட்டிருக்கலாமே என்று சொல்லிவிட்டேன். அவர் தன் மேசையிலிருந்த திரையை என் பக்கம் திருப்பினார். அறைக்கு ஒரே கதவு, கதவுக்கு எதிரே கமெரா. நான் வெளியே போகிறேன், நான் உள்ளே வருகிறேன், நடுவில் ஓர் ஈகூட இல்லை. மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நம்பினால் நம்புங்கள், அடுத்த திங்களும் அதேதான். இந்தமுறை நானே வேண்டுமென்று நாலு துண்டுப் பாணும் உறைப்பான சம்பலும் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, கதிரையைப் போட்டுக் கதவுக்கு முன்னால் காவல் இருந்தேன். அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால் பாண் இல்லை, சம்பல் தொடாமல் இருக்கிறது. பயமா வந்தது என்று கேட்கிறீர்களா, இல்லை, எரிச்சல்தான் வந்தது. எனக்கு மத்தியானச் சாப்பாடு இல்லாமல் போகிறது, அதை யாரிடம் போய் முறையிடுவது, எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது. மூன்றாவது திங்கள் விளிம்பில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை கிடந்ததை ஃபிலிப் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கே எச்சரிக்கைக் கடிதம். பூச்சி வந்தால் துணிகள் நாசமாகுமாம், இன்னொரு தடவை அந்த அறையில் சாப்பாட்டைக் கண்டால் வேலை இல்லையாம். நான் அந்தச் சோற்றை வாயிலும் வைக்கவில்லை ஐயா என்று எப்படிச் சொல்வது.

அன்று பின்னேரம் பசியோடும் கடிதத்தோடும் வீட்டுக்குப் போனேன். சுகந்திக்கு வேலை டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில். வந்த களைப்பு. "பிளேனில போற சனத்துக்கெல்லாம் சாப்பாடு கட்டுறன், கட்டின மனுசன் மட்டும் ஒவ்வொரு கிழமையும் பட்டினியோட வந்து நிக்கிறார். என்னப்பா நடக்குது உங்களுக்கு" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"படம் இருந்ததோ?"

"இருந்தது."

"படத்தடியில விளக்கு?"

"லாந்தர். ஆனால் அது கரண்ட் விளக்கு."

"தண்ணி வச்சனீங்களோ? கதவைச் சாத்திப்போட்டு வெளியில நிண்டனீங்களோ? திறக்கமுந்தித் தட்டினீங்களோ?"

அப்போதுதான் எனக்குத் தலைக்குள் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. எங்கள் வீடுகளில் செத்தவர்களுக்குப் படைக்கும்போது அப்படித்தானே, படத்துக்கு முன்னால் விளக்கு, தண்ணீர், சாப்பாடு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நிற்பார்கள், செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று, பிறகு கதவில் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒன்று பிசகாமல் நான் செய்திருக்கிறேன். ஆயிரம் வெள்ளைக்காரர் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று சாண்ட்விச் கடித்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது, இந்தப் பிழையை எங்கள் ஆள் ஒருவனால்தான் விடமுடியும்.

சுகந்தி என் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு சொன்னாள், "ஆரோ ஒரு பிரெஞ்சுப் பெடியனுக்கு மூண்டு கிழமையாப் படைச்சிருக்கிறியள். கூடப் பிறந்தவனுக்கு ஒரு பிடி சோறு வைக்க உங்களுக்கு மனம் வரேல்லை."

"அவன் செத்தவன் எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்று கத்திவிட்டேன். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கண்காட்சி முடிய ஒரே ஒரு திங்கள்தான் இருந்தது, செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் கழற்றி அனுப்பப்போகிறார்கள். அந்தத் திங்கள் காலையில் சுகந்தி இரண்டு பெட்டி தந்தாள். "சின்னதில பேக்கரியில வாங்கின பட்டர் பணிஸ் கிடக்கு, அந்தப் பெடியனுக்கு. அவனுக்கு உறைப்புச் சாப்பிட ஏலாது தானே" என்றாள். பெரிய பெட்டியில் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மத்தியானம் திறந்து பார்த்தால் பிட்டும் முருங்கைக்காய்க் கறியும். எனக்கு அவள் எண்ணம் விளங்கிவிட்டது, கோபமும் வந்தது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். வேலை போகும் என்ற பயமும் இருந்தது. ஏன் வைத்தேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பெட்டியையும் திறந்து வைத்து, தண்ணீரையும் வைத்து, வாய்விட்டே சொன்னேன், இது தெயோஃபிலுக்கு, வேறு யாருக்கும் இல்லை என்று. கதவைச் சாத்தினேன்.

ரோஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும், நான் சொல்லியிருந்தேன். "படம் இருக்கிறவனுக்கு வைக்கிறாய், நல்லது. படமும் இல்லாமல் பெயரும் இல்லாமல் போனவர்கள் உன் சாப்பாட்டை மோந்துகொண்டு நிற்பார்கள், அதையும் யோசித்துக்கொள்" என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன், பகிடி இல்லை. இருபது நிமிடம் இருவரும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம். கீழே ஃபிலிப்பின் சத்தம் கேட்டது, பெட்டி கட்டுகிற ஆட்கள் ஒருநாள் முந்தியே வந்துவிட்டார்களாம். நான் கதவில் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

பணிஸ் சரிபாதியாகப் பிய்த்திருந்தது. ஒரு பாதி இல்லை, மறுபாதியை மூடியின் மேல் யாருக்கோ எடுத்து வைத்த மாதிரி வைத்திருந்தது. பிட்டு முடிந்திருந்தது. அத்தனை உறைப்பான முருங்கைக்காய்க் கறியும் முடிந்து பெட்டி வழித்துத் துடைத்தபடி இருந்தது. இத்தனை கிழமையில் உறைப்புத் தொட்டது அதுதான் முதல்தடவை. கண்ணாடிப் பெட்டியில் சாய்த்து, விளிம்பு நீளத்துக்கு, சப்பிய முருங்கைக்காய்ச் சக்கைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்றன. இடைவெளி பிசகாமல். வேலி.

பிறகு படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது, ஃபிலிப் வருகிறார். அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் கையில் ஈரத்துணி இருந்தது. துடைத்துவிட்டேன். ஒரே இழுப்பில் அத்தனையையும் குப்பைப் பைக்குள் தள்ளி, விளிம்பைத் துடைத்து, பெட்டிகளை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, பதினைந்து வருடமாகத் துடைக்கிற கை அது. ஃபிலிப் உள்ளே வந்து விளிம்பில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இப்படித்தான் இருக்கவேண்டும், மெர்சி என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அந்த ஒருநாள்தான் பாராட்டியிருக்கிறார்.

ஒரு படம் எடுத்திருக்கலாம், போன் காற்சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு சக்கையையாவது எடுத்து வைத்திருக்கலாம். ரோஸையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம், அவர் வாசலிலேயே நின்றார், என் முதுகைத்தான் பார்த்தாராம். ஆட்கள் போனபிறகு குப்பைத் தொட்டியைக் கிண்டினேன், பெட்டி கட்டியவர்களின் தெர்மகோலும் அட்டையும் அதன்மேல் கொட்டிக் கிடந்தன, கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்கள் இப்போது யோசிப்பதை நானும் யோசித்தேன். முருங்கைக்காய் வேலி சுகந்திக்குத் தெரியும், அம்மா சொன்னதை ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறாள். ஆனால் அந்த நேரம் அவள் டோர்வலில் வேலையில் நின்றாள், கதவுக்கு முன்னால் நான் நின்றேன். ரோஸுக்கு முருங்கைக்காய் என்றால் என்னவென்றே தெரியாது. அப்படியென்றால் யார், சொல்லுங்கள். ஒருவேளை எனக்கே மூளை பிசகி நானே இருந்து சாப்பிட்டேனா என்றுகூட யோசித்தேன், அன்று பின்னேரம் எனக்கு இருந்த பசியை நினைத்தால் அதுவும் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சுகந்தி அழவில்லை, எத்தனை சக்கை என்று மட்டும் கேட்டாள். எண்ணவில்லை என்றேன். மறுநாள் வேலையால் வரும்போது ஒரு மாலை வாங்கிக்கொண்டு வந்தாள், நான் அதைப் படத்துக்குப் போடவிடவில்லை, அது குளிர்சாதனப் பெட்டியிலேயே கிடந்து கறுத்துப் போனது. ஒரு வேலியைப் பார்த்து எப்படி ஐயா ஒருவனைச் சாகக் கொடுப்பது. ஆனால் எங்கள் படையலைச் சாப்பிட உயிரோடு இருக்கிறவன் வரமாட்டான், அதுவும் தெரியும். நான் கேட்காத கேள்விக்கு ஒரு பதிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, அதை நானே என் கையால் துடைத்துப் போடும்படி செய்தால் அதை என்னவென்று சொல்வது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று ஞாயிறு போனது. ஒருநாள் போன் எடுத்தபோது அவருடைய குரலே வேறு மாதிரி இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி.

"தம்பி, உனக்கொரு விஷயம் சொல்லவேணும். இப்பக் கொஞ்ச நாளா அவன் கனவில வாறேல்லை."

"எப்ப துவக்கம் அம்மா?"

"அண்டைக்கு ஒரு திங்கக்கிழமை, கோயிலுக்குப் போட்டு வந்து படுத்தனான், அண்டைக்குத்தான் கடைசி. படலையடியில நிக்கேல்லை, உள்ளுக்கு வந்தவன். பசியோ எண்டு கேட்டன், இல்லையம்மா, இப்பதான் அண்ணை தந்தவன் எண்டான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ச் சுவரில் அவனுடைய படம்.

"அவன் எங்கையோ நல்ல இடத்தில இருக்கிறான், ராசா. வயிறாரச் சாப்பிடுறான். இனி எனக்குப் பயமில்லை, எண்டைக்கோ ஒருநாள் வந்து சேருவான்" என்றார் அம்மா. "என்ன, நான் சொல்லுறது சரிதானே?"

"ஓம் அம்மா" என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார், ஒவ்வொரு ஞாயிறும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.